நெடுக்கே எழுதிய மொய் நோட்டு

சில்லறைக் கடைகள் பலவற்றை நடத்தும் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “எங்கள் ஆபீஸில் புதிதாக டேஷ்போர்டு வாங்கியிருக்கிறார்கள். பத்து வருட விற்பனை, நாற்பது கோடி பில் வரிகள். மாநில வாரியாகக் கேட்டால் கண் இமைப்பதற்குள் கூட்டிக் காட்டுகிறது. முன்பெல்லாம் இதே ரிப்போர்ட்டைச் சாயங்காலம் ஓடவிட்டு வீட்டுக்குப் போனால் காலையில்தான் கிடைக்கும். எல்லாம் செயற்கை நுண்ணறிவு என்கிறார் விற்க வந்தவர். உண்மையா?”

இல்லை. கூட்டல் போட நுண்ணறிவு எதற்கு? விற்பவரின் ஸ்லைடில் நீல நிறத்தில் ஒரு மூளை மின்னியிருக்கும், அதை மறந்துவிடுங்கள். உங்கள் ரிப்போர்ட்டுக்கு வேகம் வந்தது ஒரு குமாஸ்தா தந்திரத்தால். குறுக்கே எழுதிவந்த கணக்கை நெடுக்கே எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மதுரைப் பக்கத்துக் கல்யாணத்தில் மொய் எழுதும் மேசையை எடுத்துக்கொள்வோம். ஒருவர் பணத்தை எண்ணி வாங்க, பக்கத்தில் இருப்பவர் நோட்டில் எழுதுவார்: ஊர், பெயர், தொகை. அடுத்த ஆளுக்கு அடுத்த வரி. நாளைக்கு அந்த ஆள் வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை வந்தால், அவருடைய வரியைத் தேடி எடுத்து, செய்ததற்குக் குறையாமல் திருப்பிச் செய்ய வேண்டுமே, அதற்குத்தான் இந்த ஏற்பாடு. ஓர் ஆளின் விவரம் முழுவதும் ஒரே வரியில். கடையில் பில் போடும் மென்பொருளும் இப்படித்தான் எழுதுகிறது. அந்த வேலைக்கு அதுதான் சரி.

ஆனால் ராத்திரி பாத்திரம் பண்டமெல்லாம் ஒதுங்கிய பிறகு, பெண்ணின் அப்பா மைத்துனரிடம் வேறு மாதிரி ஒன்று கேட்பார்: “மாப்ளே, உசிலம்பட்டிக்காரங்க மொத்தம் எவ்வளவு செஞ்சிருக்காங்க?” மைத்துனர் முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். பெயர் அவருக்குத் தேவையே இல்லை. ஆனாலும் கண் பெயரைத் தாண்டித்தான் தொகைக்குப் போகும். நாற்பது கோடி வரிகளில் வட்டு படும் பாடும் இதுதான். ஒரு பில் வரியில் ஐம்பது விவரம், 200 பைட் என்று வைத்தால் மொத்தம் 80 ஜிபி. வினாடிக்கு 500 எம்பி படிக்கும் எஸ்எஸ்டியிலேயே அதை முழுக்கப் படிக்க 160 வினாடி ஆகும். பழைய சுழலும் வட்டில், பில் போடும் வேலைக்கு நடுவே, இன்னும் நாலு அட்டவணைகளைக் கோத்துக்கொண்டு என்றால் விடிந்துவிடுவதில் வியப்பில்லை.

இப்போது மொய் நோட்டை மூன்றாகப் பிரியுங்கள். ஒன்றில் ஊர் மட்டும், ஒன்றில் பெயர் மட்டும், ஒன்றில் தொகை மட்டும். மூன்றிலும் 347-ஆவது வரி ஒரே ஆளுடையது. அந்த இடத்தைத் தவிர அவற்றைப் பிணைக்கும் கயிறு வேறில்லை. உசிலம்பட்டிக் கேள்விக்கு ஊர் நோட்டும் தொகை நோட்டும் போதும். பெயர் நோட்டைத் திறக்கவே வேண்டாம். ஐம்பது நெடுவரிசைகளில் இரண்டை மட்டும் படிப்பது முதல் லாபம்.

அடுத்த லாபம்தான் எனக்குப் பிடித்தது. ஒரே ஜாதிச் சரக்கு ஒரே நோட்டில் சேர்ந்தால் அது சுருங்கும். உசிலம்பட்டி, உசிலம்பட்டி என்று எத்தனை தடவை எழுதுவது? நோட்டின் அட்டைக்குள் ஒரு பட்டியல் போடுகிறோம்: 1 உசிலம்பட்டி, 2 சேடபட்டி, 3 திருமங்கலம். உள்ளே வெறும் எண். வாசகரின் கணினியிலும் அதே கதை. ‘தமிழ்நாடு’ என்று யூடிஎஃப்-8 முறையில் எழுத 27 பைட், அதாவது 216 பிட் பிடிக்கும். நாட்டில் மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் சேர்த்து 36தான். 36ஐக் குறிக்க 6 பிட் போதும். நாற்பது கோடி வரிகளுக்கும் சேர்த்து 300 எம்பி.

அதோடு விடவில்லை. நோட்டுகளை ஊர் வாரியாக அடுக்கிவிட்டால் ஊர் நோட்டில் உசிலம்பட்டி எல்லாம் ஓரிடத்தில் வந்து நிற்கும். இனி அந்த எண்ணைக்கூடத் திரும்பத் திரும்ப எழுத வேண்டாம்: “1, 212 தடவை.” முடிந்தது. மாநில நெடுவரிசையை இப்படி அடுக்கினால் நாற்பது கோடி கட்டங்கள் 36 வரியில் அடங்கிவிடுகின்றன! தமிழ்நாட்டில் எத்தனை வரி என்று கேட்டால் எண்ணவே வேண்டாம். சுருக்கி எழுதியபோதே விடையையும் எழுதியாகிவிட்டது. சுருக்கியதைப் பயன்படுத்த முதலில் விரித்தாக வேண்டும் என்றுதான் நாம் நினைப்போம். இங்கே விரிக்காமலே கணக்கு நடக்கிறது. மீதி இருப்பது தொகை நெடுவரிசை, வரிக்கு 4 பைட் என்றால் 1.6 ஜிபி. 80இல் ஐம்பதில் ஒரு பங்கு. அதுவும் நினைவகத்திலேயே கிடந்தால், பல கோர்கள் பங்கு போட்டுக்கொண்டு படித்துத் தள்ளிவிடும்.

ஊர் வாரியாக அடுக்கும்போது மற்ற இரண்டு நோட்டுகளையும் அதே வரிசையில் மாற்றி எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சித்தப்பா வைத்த 5,001 வேறொருவர் கணக்கில் ஏறி, குடும்பம் இரண்டாகிவிடும். ஆகவே அடுக்கும் சுகம் முதல் நெடுவரிசைக்கு முழுசாகவும் அடுத்ததற்கு அரைகுறையாகவும்தான் கிடைக்கும். எதை முதலில் வைப்பது என்பதில்தான் வடிவமைப்பாளரின் சாமர்த்தியம். மாநிலத்துக்குள் தேதி வாரியாக அடுக்கி, ஒவ்வொரு பக்கத் தலையிலும் அதிலுள்ள முதல் தேதி, கடைசித் தேதி இரண்டையும் குறித்து வைத்தால், தீபாவளி வாரத்தைக் கேட்கும்போது மற்ற பக்கங்களைப் புரட்டவே வேண்டியதில்லை.

வரலாறு சொல்லாவிட்டால் ஆசிரியர் கோபித்துக்கொள்வார். டேஷ்போர்டுத் தொழிலை இன்று ‘பிசினஸ் இன்டெலிஜென்ஸ்’ என்கிறார்கள்; ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1958இல் அந்தச் சொல்லைத் தலைப்பில் வைத்துக் கட்டுரை எழுதினார்; அது ஆவணங்களை உரியவரிடம் சேர்ப்பது பற்றியது, வரைபடம் பற்றியதல்ல. அட்டவணையை நெடுக்கே பிரிக்கும் யோசனையைக் கோப்லேண்டும் கோஷஃபியானும் 1985இல் எழுதினார்கள். ஆம்ஸ்டர்டாமில் மானெட்டிபி என்ற நெடுவரிசைத் தரவுத்தளம் பிறந்தது. 2005இல் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் குழுவின் சீ-ஸ்டோர் வந்தது. ஒரே தரவை வெவ்வேறு வரிசைகளில் அடுக்கிப் பல பிரதிகள் வைத்துக்கொள்ளும் துணிச்சல் அதற்கு இருந்தது. 2010இல் மைக்ரோசாஃப்ட் இதை எக்செலுக்குள்ளேயே பவர்பிவட் என்று கொண்டுவந்தது. பழைய கள், புது மொந்தை.

சரி, இதில் எங்கே இடிக்கிறது? எழுதுவதில். தாம்பூலப் பை கொடுக்கும் நேரத்தில் உசிலம்பட்டிப் பெரியப்பா ஒருவர் வந்து மொய் வைக்கிறார். அவரை ஊர் வரிசையில் செருக மூன்று நோட்டையும் திருப்பி எழுத வேண்டும். யாருக்கு முடியும்? ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நோட்டுக்குள் சொருகி வைக்கிறோம். கேள்வி வந்தால் நோட்டையும் பார்த்து, சீட்டையும் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒருவர் பெயர் இரண்டு தடவை ஏறிவிட்டதா? அடிக்க முடியாது, “347ஐக் கணக்கில் சேர்க்காதே” என்று இன்னொரு சீட்டு. சீட்டுகள் பெருத்தால் ராத்திரி உட்கார்ந்து நோட்டோடு சேர்த்து எழுத வேண்டும். எந்த ஊரிலும் இப்படி மொய் எழுதவிட மாட்டார்கள், எழுதினால் பந்தியில் இலை விழாது. ஆனால் பெரிய நிறுவனங்களின் மென்பொருள்கள் உள்ளே இதைத்தான் செய்கின்றன. “ரியல் டைம் டேஷ்போர்டு” என்று யாராவது சொன்னால், சீட்டுகளையும் சேர்த்துப் பார்க்கிறதா, எத்தனை மணிக்கு நோட்டோடு சேர்க்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் நேற்று ராத்திரிக் கணக்கைத்தான் இன்று காலையில் பளபளப்பாகக் காட்டுவார்கள்.

வேகமாகக் கூட்டுவதால் சரியாகக் கூட்டியதாக ஆகிவிடாது. 2020இல் செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தின் தினசரிக் கொரோனா எண்ணிக்கையில் 15,841 தொற்றுகள் விடுபட்டுப் போயின. ஆய்வகங்கள் அனுப்பிய கோப்புகளைப் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்துக்கு மாற்றியிருந்தார்கள். அது 65,536 வரிகளுக்கு மேல் தாங்காது. மிஞ்சியவை சத்தமில்லாமல் உதிர்ந்தன. நோயாளிகளுக்கு முடிவு போய்ச் சேர்ந்தது, அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலை தாமதமானது. திரையில் வரைபடம் அந்த நாட்களிலும் அழகாகத்தான் இருந்திருக்கும்.

வாசகருக்கு இன்னொரு சோதனை சொல்கிறேன். 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது. உங்களுக்குத் தாம்பரத்தில் கடை இருந்தால், அதன் 2018 விற்பனை எந்த மாவட்டத்தில் சேரும்? கடைப் பட்டியலில் மாவட்டப் பெயரை அழித்து எழுதியிருந்தால், பிரியாத காலத்து விற்பனையும் செங்கல்பட்டுக்குப் போய்விடும். ரால்ஃப் கிம்பால் 1996இலேயே இதற்கு வழி எழுதிவிட்டார்: பழைய வரியை அழிக்காதே, எதுவரை செல்லும் என்று தேதி போட்டுப் புதிய வரி சேர். அல்லது ‘அன்றைய மாவட்டம்’, ‘இன்றைய மாவட்டம்’ என இரண்டு நெடுவரிசை வைத்துக்கொள்ளலாம்; தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களுக்கும் தலா 6 பிட்தான், காசு பெறாத செலவு. ‘மாவட்ட வாரியாக’ என்ற பொத்தான் இரண்டில் எதைக் காட்டும் என்று யாராவது உட்கார்ந்து முடிவு செய்து, அதைத் திரையிலும் எழுதி வைக்க வேண்டும். உங்கள் டேஷ்போர்டில் காஞ்சிபுரத்தின் 2018ஐ எடுத்து, அந்த வருடம் அச்சடித்த ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொகை குறைந்திருந்தால், விற்க வந்தவரை இன்னொரு தடவை வரச் சொல்லுங்கள்.