பழைய கணினியும் புதிய உரிமையும்

ஒரு பொருளைப் பாவிப்பது வேறு; அதனை உடைமையாகக் கொள்வது வேறு. இவ்வேறுபாட்டை மலையகத் தமிழருக்கு எவரும் விளக்கிக் கூற வேண்டுவதில்லை. 1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்திலே தேயிலையை வர்த்தகப் பயிராக நட்ட காலந்தொட்டு, இம்மலைகளைத் திருத்திய மக்கள் தலைமுறை தலைமுறையாக லயத்துக் காம்பிராக்களிலே வாழ்ந்து வந்துள்ளனர். ஆயினும், குடியிருக்கும் காம்பிராவுக்குக் காணி உறுதி தமது பெயரில் உண்டு எனக் கூற அவர்களுள் மிகப் பலரால் இயலவில்லை.

கணினி உலகிலும் இத்தகைய நிலை ஒன்று உண்டு. விண்டோஸ் இயங்குதளத்தை விலை கொடுத்து வாங்கிவிட்டோம் என நாம் எண்ணுகின்றோம். உண்மையில் நாம் பெறுவது பாவனைக்குரிய உரிமம் மாத்திரமே. அதன் உள்ளே என்ன எழுதப்பட்டுள்ளது என்று பார்க்கவோ, அதனைத் திருத்தவோ, அயலவருக்குப் பிரதி செய்து கொடுக்கவோ நமக்கு அனுமதி இல்லை. 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு முடிவுற்றது. அடுத்து வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பையும், புதிய தலைமுறைச் செயலியையும் வேண்டி நிற்கின்றது. இதனால், பழுதெதுவுமின்றி இயங்கிக்கொண்டிருந்த கணினிகள் பல ஒரே நாளில் பழையனவாகிவிட்டன.

2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. அத்தகைய வருவாயிலே மிச்சம் பிடித்துப் பிள்ளையின் படிப்புக்கெனக் கணினி வாங்கிய பெற்றோரிடம், "இது உதவாது, வேறொன்று வாங்குங்கள்" என்று ஓர் ஆசிரியர் எங்ஙனம் கூறுவார்? ஹட்டனை அடுத்து வாழும் எனக்கும் இக்கேள்வி எழுந்தது. என்னிடமிருந்த பழைய மடிக்கணினியும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. அதனிடத்திலேயே லினக்ஸைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தேன்.

லினக்ஸின் வரலாறு சுருக்கமானது. மென்பொருளைப் பாவிக்கவும், ஆராயவும், திருத்தவும், பகிரவும் எவருக்கும் உரிமை வேண்டும் என்ற நோக்குடன் 1983 இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் க்னூ என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991 இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், ஓர் இயங்குதளத்தின் கருவை எழுதி வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 21. இவ்விரண்டும் இணைந்ததே இன்று நாம் லினக்ஸ் என வழங்கும் தளம்.

இலவசமாகக் கிடைப்பது தரத்தில் தாழ்ந்தது என்று சிலர் ஐயுறுவர். 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையின் பின் இலங்கையரே ஆக்கிய சஹானா என்னும் கட்டற்ற மென்பொருள், அனர்த்த நிவாரணப் பணிக்குப் பெரிதும் உதவி, 2006 ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அமைப்பிடமிருந்து பெற்றது. கண்டியை அடுத்த ஹந்தானை மலையின் பெயரைத் தாங்கி, ஃபெடோராவை அடியொற்றிய லினக்ஸ் வகையொன்றும் இந்நாட்டிலேயே ஆக்கப்பெற்றது. ஆகவே இத்துறை நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

நிற்க. முதலடி எங்ஙனம் வைப்பது? நம் கோப்புகள் அனைத்தையும் பிரதி செய்து வேறிடத்தில் வைத்துக்கொள்வதே முதற் கடமை. அடுத்து, லினக்ஸின் பல வகைகளுள் ஒன்றைத் தெரிய வேண்டும். விண்டோஸில் பழகிய கைக்கு மின்ட் என்னும் வகை எளிது. அதற்குக் குறைந்தது 2 ஜிபி நினைவகம் தேவை; 4 ஜிபி இருப்பின் நன்று. வன்தட்டில் 20 ஜிபி இடமேனும் வேண்டும். இறக்க வேண்டிய கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி பருமனுடையது. மலை மடிப்புகளிலே தொலைபேசி அலை வந்தும் மறைந்தும் விளையாடுவதால், நகருக்குச் செல்லும் நாளில் அதனை இறக்கிக்கொள்ளலாம். ஒருவர் இறக்கியதைப் பாடசாலை முழுவதும் பிரதி செய்து பகிரலாம். அவ்வாறு பகிர்வது குற்றமன்று, உரிமை.

அக்கோப்பை 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில், ரூஃபஸ் போன்ற செயலியைக் கொண்டு எழுத வேண்டும். வெறுமனே பிரதி செய்தல் போதாது. பென் டிரைவில் முன்னிருந்தவை அழிந்துபோகும் என்பதை மறவற்க. பின்னர், அதனைச் செருகியவாறே கணினியை இயக்கி, அதன் வகைக்கேற்ப எஃப்12 அல்லது எஃப்2 விசையை அழுத்திப் பென் டிரைவிலிருந்து தொடங்கச் செய்யலாம். வன்தட்டைத் தொடாமலே லினக்ஸ் திரையில் தோன்றும். ஆழம் அறியாமல் காலை விடாதே என்பர். இங்கோ கரையில் நின்றவாறே ஆழத்தை அறியலாம். ஆயின், அந்நிலையில் எழுதிச் சேமித்தவை கணினியை அணைத்ததும் மறைந்துவிடும்.

புதியவரைத் திகைக்கவைக்கும் சிறு செய்திகள் சில உள. சி, டி என்னும் தட்டுப் பெயர்கள் இங்கில்லை. கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகக் கொள்ளப்படும். கட்டளைத் திரையில் கடவுச்சொல்லை இடும்போது புள்ளி கூடத் தோன்றாமலிருக்கலாம். விசைப்பலகை பழுதென்று அஞ்ச வேண்டாம்.

என்னைத் திகைக்கவைத்தது வேறொன்று. பல்லாண்டுகளாக நான் தயாரித்த தமிழ் வினாத்தாள்களைத் திறந்தேன். அங்கே தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் பொருளின்றி வரிசையிட்டு நின்றன. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களைப் பாவிக்கும்போது கணினி சேமிப்பது ஆங்கில எழுத்தையே. எழுத்துரு அதன்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துகின்றது. எழுத்துரு இல்லாத இடத்தில் அப்போர்வை விலகிவிடுகின்றது. எழுத்துருவைக் கொண்டுவந்து நிறுவினேன், தமிழ் மீண்டது. ஆயினும், தமிழ்ச் சொல்லொன்றைத் தமிழிலே தட்டித் தேடினால் அது அகப்படவில்லை. நான் எழுதியவையும் ஓர் எழுத்துருவின் தயவிலேதான் இத்தனை காலம் குடியிருந்தன என்பது அன்றுதான் தெரிந்தது.

இதற்கு நிலையான மருந்து யூனிகோடுக்கு மாறுதலே. 1991 இல் வெளிவந்த யூனிகோடின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுள்ளது. மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை படித்துப் பிழை திருத்தல் வேண்டும். தட்டெழுதுவதற்கு, ஐபஸ் என்னும் உள்ளீட்டுக் கருவியுடன் எம்17என் தொகுதியைச் சேர்த்தால், தமிழ் 99 விசைப்பலகையும், நம் நாட்டில் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகையும் கிடைக்கும்.

குறைகளையும் மறைத்தலாகாது. சில கணினிகளில் வைஃபை உடனே இயங்குவதில்லை. சில அச்சுப்பொறிகள் முரண்டு பிடிக்கும். வேர்டில் அமைத்த பக்கங்கள் லிப்ரே ஆபிஸில் சிறிது குலையலாம். இவற்றைப் பென் டிரைவிலிருந்து இயக்கும்போதே சோதித்தறிதல் நலம். நிறுவ முடிவு செய்தபின்னும், போதிய இடமிருப்பின் விண்டோஸை அகற்றாமல் இரண்டையும் அருகருகே வைத்துக்கொள்ளலாம். வன்தட்டு முழுவதையும் அழிக்கும் தெரிவை மாத்திரம் அறியாது அழுத்திவிடக் கூடாது.

என் மடிக்கணினி இன்று லினக்ஸிலே இயங்குகின்றது. வினாத்தாள்களை ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றி வருகின்றேன். வேலை இன்னும் முடியவில்லை. ஆசிரிய அன்பர்கள் விடுமுறை நாளொன்றிலே, மாணவர் சிலரையும் அருகிருத்தி, இதனை முயன்று பார்ப்பார்களாக. அதன் மூலநிரலைத் திறந்து படிக்கவும் திருத்தவும் அப்பிள்ளைகள் எந்தத் துரையிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.