சினை நண்டு எடுப்பதில்லை

வாப்பா புத்தளம் களப்பில் வலை போட்டவர். நான் கற்பிட்டியில் நண்டு வாடி தொடங்கியது ஒரு தராசும் இரண்டு ஐஸ் பெட்டியுமாகத்தான். எங்கள் நீலக்கால் நண்டின் சதை டின்னில் அடைபட்டு வெளிநாட்டுக்குப் போகிறது.

முதல் வருடமே சினை நண்டு எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஒரு பெட்டை நண்டு பல இலட்சம் முட்டை சுமக்கும். மஞ்சளாகத் தெரியும் சினை பொரிக்கும் நாள் நெருங்கக் கறுக்கும். அந்த நேரம் பிடித்து விற்றால் போவது ஒரு நண்டா?

“தம்பி, நீங்க எடுக்காட்டி அடுத்த வாடிக்காரன் எடுப்பான்” என்று காக்காமார் சிரித்தார்கள். எடுக்கத்தான் செய்தான். 6 தோணி என்னை விட்டுப் போனது.

பிறகு நாலரை அங்குலக் கண் வலைக்கு முற்பணம் கொடுத்தேன். சின்னக் கண்ணில் சின்ன நண்டும் மாட்டும். சதை குறைவு, கம்பனி தரும் விலையும் குறைவு. பெரிய கண் போட்டவர்களுக்கு எண்ணிக்கை குறைந்தது, கிலோ விலை கூடியது. தோணிகளைத் திருப்பிக் கொண்டுவந்தது இந்தக் கணக்குத்தான், என் உபதேசமல்ல. இப்போது 11 தோணி, அல்ஹம்துலில்லாஹ்.

சினை நண்டைக் கால் முறியாமல் வலையிலிருந்து கழற்றுவதுதான் இன்னும் கஷ்டம். அவசரத்தில் முறித்துவிடுகிறார்கள். வாப்பா வாடியில் உட்கார்ந்து பொடியன்மாருக்கு அதைப் பழக்குகிறார்.