எடின்பரோ மருத்துவ மாணவர் கழகம்

ஸ்காட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில், பல்கலைக்கழக மருத்துவத்துறை 1726-ஆம் ஆண்டில் அமைந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, அங்குப் பயின்ற மாணவர் சிலர் தாமாகவே ஒரு கழகத்துக்கு வித்திட்டனர். இன்று அரச மருத்துவக் கழகம் என வழங்குவது அதுவே. பேராசிரியர் எவரும் கூட்டியதன்று. மேலிடத்து ஆணையால் பிறந்ததும் அன்று.

1734-இல் காய்ச்சலால் மாண்ட ஓர் இளம்பெண்ணின் உடல் அம்மாணவர் அறுவருக்குக் கிடைத்தது. அறுத்துப் பயில உடல் கிடைப்பது அரிதாயிருந்த காலம் அது. ஆய்வு முடிந்ததும் ஒரு விடுதியில் கூடி உண்டனர். இனிப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தங்கள் அறைகளில் கூடுவது, முறை வைத்து ஒருவர் கட்டுரை படிப்பது, மற்றவர் அதனை ஆராய்ந்து பேசுவது என அங்கே முடிவு செய்தனர். கட்டுரை இலத்தீனிலும் இருக்கலாம், ஆங்கிலத்திலும் இருக்கலாம். பட்டத்துக்குரிய ஆய்வுரையை இலத்தீனிலேயே எழுத வேண்டியிருந்த நாளில் இவ்வுரிமை சிறிதன்று. 1737-இல் அது முறையான கழகமாயிற்று.

அறுவருள் ஒருவரான ஜார்ஜ் கிளெக்கார்னுக்கு அப்போது வயது 17. பின்னர் இராணுவ மருத்துவராக மினோர்க்காத் தீவுக்குச் சென்ற அவர், அங்கு வந்த முறைக்காய்ச்சலுக்குச் சிங்கோனாப் பட்டையைக் கொடுத்துப் பயன் கண்டு, 1751-இல் அதனை நூலாக்கினார். கொய்னா மருந்து அப்பட்டையிலிருந்து எடுக்கப்படுவதே. மலேரியாவுக்குப் பலரைப் பறிகொடுத்த தோட்டத்து மக்களின் வழிவந்த நமக்கு இஃது அயலார் செய்தியன்று.

நிற்க. கழகத்தின் விவாதங்கள் எளியவையாக இருந்ததில்லை. பேராசிரியர் கல்லனிடம் பயின்று, அவர் மக்களுக்கு இலத்தீன் கற்பித்து வந்த ஜான் பிரவுன் என்னும் ஏழை வீட்டுப் பிள்ளை, பிற்காலத்தில் ஆசிரியரையே எதிர்த்தார். உயிர்க்குரிய தூண்டுதல் மிகினும் குறையினும் நோய். குறைந்தால் மதுவும் அபினும் மருந்து என்பது அவர் கொள்கை. கொள்கை பிழையானது. ஆயினும் மாணவர் பலர் அவர் பக்கம் நின்றனர். 1780-இல் அவரே கழகத்தின் தலைவர்களுள் ஒருவர். இரு கட்சியாரும் மோதிய வேகத்தில், விவாதத்தில் பேசிய பேச்சுக்காக ஒருவரை ஒருவர் துவந்த யுத்தத்துக்கு அழைத்தால் அழைத்தவர் நீக்கப்படுவார் என்று விதி செய்ய வேண்டியதாயிற்று! கழகத்தை எவரும் மூடிவிடவில்லை என்பதையே நான் பெரிதாகக் கருதுகிறேன். நம் பள்ளி மாணவர் மன்றங்களில் ஆசிரியர் எழுதித் தருகிறார், பிள்ளை மனப்பாடம் செய்து ஒப்புவிக்கிறது, மறுப்பவர் எவருமில்லை. அதனை மன்றம் என்று அழைக்க எனக்கு மனம் வருவதில்லை.

1778-இல் அரச பட்டயம் கிடைத்தது. பிரைட், அடிசன், ஹாட்ஜ்கின் என இன்று நோய்ப் பெயர்களில் வாழும் மூவரும் மாணவப் பருவத்தில் இக்கழகத்தினரே. சிற்றூர் ரொட்டிக்கடைக்காரரின் மகனான ஜேம்ஸ் சிம்சன் 1835-இல் இதன் தலைவரானார். பிரசவ வேதனை தணிக்கக் குளோரோபாரம் மருந்தை 1847-இல் முதன்முதல் கையாண்டவர் அவரே.

கழகம் இன்றும் மாணவர் கையில்தான் நடக்கிறது. பணமுடையால் 1969-இல் தன் பழம்பெரும் நூலகத்தை ஏலத்தில் விற்றது. ஆனால் தலைமுறை தலைமுறையாக மாணவர் எழுதிப் படித்த கட்டுரைகளின் கையெழுத்துத் தொகுதிகளை அது விற்கவில்லை.