இரண்டாம் எண் கோப்பை

விம்பிள்டன் டென்னிஸ் என்றால் ஸ்ட்ராபெரியும் க்ரீமும் நினைவுக்கு வரும். அதே மைதானத்தில் பலர் கையிலிருக்கும் செம்பழுப்பு நிற கிளாஸைக் கவனித்திருக்கிறீர்களா? வெள்ளரித் துண்டும் புதினாவும் மிதக்கும் அந்தப் பானம் பிம்ஸ். ஆங்கிலேயர் ‘ஃப்ரூட் கப்’ என்று சொல்லும் வகையில் அதுதான் மூத்தது. லண்டனில் பேங்க் ஆஃப் இங்கிலாந்துக்கு அருகே சிப்பி உணவுக்கடை நடத்திய ஜேம்ஸ் பிம், 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில், சாப்பிட்டது செரிக்கட்டும் என்று ஜின்னில் மூலிகைகளைச் சேர்த்துக் கொடுத்த சரக்கு அது.

ஜின் கலவைக்கு எண் 1. பின்னால் ஸ்காட்ச் விஸ்கிக்கு 2, பிராந்திக்கு 3, ரம்முக்கு 4, ரை விஸ்கிக்கு 5, வோட்காவுக்கு 6 என்று வரிசை நீண்டது. 1970, 80களில் வியாபாரம் சரிந்தபோது பல எண்கள் காணாமல் போயின. இரண்டாம் எண்ணும் போயிற்று. எனக்கு அதில்தான் வருத்தம். ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருடம் கிடந்துவரும் ஸ்காட்சில் ஏறியிருக்கும் வெனிலா வாசமும் மரத்தின் காரமும் ஆரஞ்சோடும் இஞ்சியோடும் சேரும் பொருத்தம் ஜின்னுக்கு வராது.

வீட்டில் செய்வது எளிது. ஸ்காட்ச் 200 மில்லி, இனிப்பான சிவப்பு வெர்மூத் 100, ஆரஞ்சுத் தோலில் செய்யும் குராசோ லிக்கர் 50. இவ்வளவுதான் அடிக் கலவை. சாதாரண பிளெண்டட் ஸ்காட்சே போதும். சிங்கிள் மால்ட்டை இதில் ஊற்றுவது பாவம். புகை வாசம் தூக்கலான ஐலா விஸ்கியும் வேண்டாம், ஸ்ட்ராபெரி அதன் முன்னால் நிற்காது.

பழங்களை அலங்காரம் என்று நினைத்துக் கடைசியில் தூவுகிறார்கள். அங்கேதான் ருசி கெடுகிறது. ஸ்ட்ராபெரி, ஆரஞ்சுத் துண்டுகள், தோலோடு மெல்லியதாக நறுக்கிய வெள்ளரி எல்லாவற்றையும் அடிக் கலவையில் கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் ஊறவைக்க வேண்டும். அதற்கு மேல் விட்டால் ஸ்ட்ராபெரி சாயம் போய் வெளுத்துவிடும். மூன்றில் ஒன்றை மட்டும் சேர்க்கச் சொன்னால் நான் வெள்ளரியைத்தான் எடுப்பேன்; இனிப்பைத் தட்டிவைப்பது அதுதான். அந்தக் காலத்தில் போரேஜ் என்ற நீலப்பூச் செடியின் இலையைப் போட்டார்கள். அதுவும் வெள்ளரி வாசம்தான் அடிக்கும்.

உயரமான கிளாஸில் ஐஸை விளிம்புவரை நிரப்புங்கள். குறைவாகப் போட்டால் சீக்கிரம் உருகிப் பானம் நீர்த்துவிடும். அடிக் கலவை 50 மில்லி, ஊறிய பழங்கள், அதன்மேல் நன்றாகக் குளிர்ந்த ஜிஞ்சர் ஏல் 150 மில்லி. விம்பிள்டன் வழக்கப்படி எலுமிச்சை சோடா ஊற்றினால் விஸ்கியோடு சேர்ந்து திகட்டும். குலுக்கக் கூடாது, நீளக் கரண்டியால் அடியிலிருந்து ஒரே ஒரு முறை தூக்கிவிட்டால் போதும், நுரை தங்கும். புதினாவை நசுக்கினால் கசக்கும். உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டி, மேலே செருகுங்கள்.

ஜூஸ் மாதிரி இறங்குவதுதான் இதில் வில்லங்கம். இந்த அளவில் ஏறத்தாழ 8 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது. சாதாரண பீரில் 5தான். கிளாஸ் காலியானாலும் ஊறிய பழத்தில் விஸ்கி மிச்சம் இருக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்த ஸ்ட்ராபெரியை மேஜையில் விட்டுவைக்காதீர்கள்.