ஐந்திலிருந்து ஆறுக்கு: கையடக்கக் கேமராவை மாற்றுமுன் எண்ண வேண்டியவை

கையடக்கக் கேமரா என்னும் பொருளே வழக்கொழிந்துவிடும் என்று பத்தாண்டுகளுக்கு முன் பேசப்பட்டதில் நியாயம் இருந்தது. ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி 2010ஆம் ஆண்டில் 12 கோடிக்கும் மேற்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் உலகச் சந்தைக்கு அனுப்பப்பட்டிருக்க, 2023ஆம் ஆண்டில் அந்த எண்ணிக்கை 80 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. இந்தச் சரிவுக்குக் காரணம் கைப்பேசி என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆயினும் அழிந்தவை பெரும்பாலும் விலை மலிந்த சிறு கேமராக்கள்தாம். கைப்பேசிக்குள் அடங்காத அளவுக்குப் பெரிய சென்சாரையும், அதாவது ஒளியைப் பெற்று மின்குறிப்பாக மாற்றும் தகட்டையும், அதற்கேற்ற நல்ல லென்ஸையும் கொண்ட உயர்விலைக் கையடக்கக் கேமராக்கள் தப்பிப் பிழைத்ததோடு, முன்னைவிட அதிக விலைக்கும் விற்கின்றன.

அவற்றுள் இன்று அதிகம் பேசப்படுவது ஃபியூஜிஃபில்ம் நிறுவனத்தின் எக்ஸ்100 வரிசை. 2011இல் விற்பனைக்கு வந்த முதல் கேமராவைத் தொடர்ந்து எஸ், டி, எஃப் என்ற எழுத்துகளோடு மூன்றும், 2020இல் ஐந்தாவதாக எக்ஸ்100வியும், 2024 பிப்ரவரியில் டோக்கியோவில் நடந்த அறிமுக விழாவில் ஆறாவதாக எக்ஸ்100விஐயும் வெளிவந்தன. இந்த வரிசைக் கேமராக்களில் லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாது. ஜூம் வசதியும் கிடையாது. பழைய ஃபிலிம் கேமராக் கணக்கில் 35 மி.மீ. லென்ஸ் காட்டும் பரப்பை மட்டுமே இவை காட்டும். ஐந்தாவதை வைத்திருப்பவர் ஆறாவதற்கு மாற வேண்டுமா என்ற கேள்விக்கு விளம்பரத் தாளில் உள்ள எண்களை மட்டும் கொண்டு விடை காண முயல்வது வீண். கேமரா எந்த ஊரில், எந்த வெளிச்சத்தில், எதைப் பிடிக்கப் பயன்படுகிறது என்பதிலிருந்து தொடங்குவதே முறை.

தமிழ் வாசகர்களுக்கு எலும்பு முறிவுக் கட்டினால் அறிமுகமான புத்தூர், இந்தச் சோதனைக்குப் பொருத்தமான ஊர். 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது திருப்பதி மாவட்டத்தோடு சேர்ந்த இந்த ஊர், ரேணிகுண்டா–அரக்கோணம் ரயில் தடத்தில் அமைந்துள்ளது. தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் எல்லைப் பகுதி. நாராயணவனத்துக் கல்யாண வெங்கடேசுவரர் கோயில், கைலாசகோனை அருவி, நகரி வரை பரவிக் கிடக்கும் விசைத்தறிக் கூடங்கள், மே மாதத்தில் திருப்பதியில் நடக்கும் கங்கம்மா ஜாத்திரை என்று கேமராவுக்கு வெவ்வேறு வகையான வேலை தரும் இடங்கள் அனைத்தும் ஒரு நாள் பயணத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

ஆறாவது கேமராவில் புதிதாகச் சேர்ந்தவற்றுள் முதன்மையானது, கேமரா உடலுக்குள்ளேயே அமைந்த நடுக்கத் தடுப்பு. படம் எடுப்பவரின் கை சற்றே ஆடினாலும் அதை உணர்ந்து சென்சாரை எதிர்த்திசையில் நகர்த்தி, படம் கலங்காமல் காக்கும் ஏற்பாடு இது. ஐந்தாவதில் இது இல்லை. இதன் ஆற்றலை நிறுவனம் 6 ஸ்டாப் என்று குறிப்பிடுகிறது. ஒரு ஸ்டாப் என்பது ஒளியின் அளவு இரட்டிப்பாகும் ஒரு படி. ஆகவே 6 ஸ்டாப் என்றால் 64 மடங்கு நேரம் ஷட்டரைத் திறந்து வைத்தாலும் கை நடுக்கம் படத்தில் தெரியாது என்பது ஏட்டுக் கணக்கு. கையில் பிடித்து எடுக்கும்போது அதில் பாதியோ, சற்று மேலோ கிடைத்தாலே பெரிது. அந்தப் பாதியும்கூட 8 மடங்கு என்பதால் அதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது.

கைலாசகோனையில் இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியும். மலையிடுக்கின் நிழலில் விழும் அருவி நீரைப் பட்டு இழை போலக் காட்ட வேண்டுமானால் ஷட்டர் கால் விநாடியளவேனும் திறந்திருக்க வேண்டும். இரு கேமராக்களிலும் உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும் ஒளி குறைப்பு வடிகட்டி, வெளிச்சத்தைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைத்து அதற்கு இடம் தருகிறது. ஆனால் ஐந்தாவது கேமராவைக் கையில் பிடித்துக் கால் விநாடிக்கு எடுத்தால் நீரோடு பாறையும் சேர்ந்து கலங்கிவிடும். முக்காலியை விரிக்கலாம் என்றால் விடுமுறை நாளில் குளிக்க வந்திருக்கும் கூட்டத்துக்கு நடுவே அதற்கு இடம் கிடைக்காது. ஆறாவது கேமராவில் பாறை நிலைத்து நிற்க, நீர் மட்டும் இழையோடும். அந்தி வெளிச்சத்தில் நாராயணவனத்துக் கோபுரத்தை வெளியே நின்று எடுப்பவருக்கும் இதே நன்மை உண்டு.

விசைத்தறிக் கூடத்துக்குள் நுழைந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். பழைய வகைத் தறிகளில் ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடா ஏறத்தாழ விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. விநாடியில் 30இல் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருந்தால் அதற்குள் நாடா ஓர் அடிக்கு மேல் நகர்ந்திருக்கும். நடுக்கத் தடுப்பு கையின் ஆட்டத்தை மட்டுமே தடுக்கும். நாடாவின் ஓட்டத்தையும் நெசவாளரின் கை அசைவையும் அதனால் நிறுத்த முடியாது. ஷட்டரின் வேகத்தைக் கூட்டினாலோ வேறொரு தொல்லை காத்திருக்கிறது. மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி கொண்டதாகையால் பழைய டியூப்லைட் விநாடிக்கு 100 முறை ஒளிர்ந்து மங்குகிறது. வேகமாக எடுத்த படங்கள் ஒன்று பளிச்சென்றும் அடுத்தது மங்கலாகவும் வரக்கூடும். லென்ஸுக்குள் இருக்கும் இயந்திர ஷட்டரை விடுத்து மின்னணு ஷட்டரைப் பயன்படுத்தினால் படத்தின் குறுக்கே கருங்கோடுகளும் விழும். ஓட்டத்தை உறைய வைக்க முடியாத இந்தக் குறை இரு கேமராக்களுக்கும் பொதுவானது. ஆறாவதை வாங்கினாலும் அது தீராது.

அடுத்தது மெகாபிக்சல், அதாவது படத்தை உருவாக்கும் புள்ளிகளின் எண்ணிக்கை. ஐந்தாவதில் 2.6 கோடிப் புள்ளிகள், ஆறாவதில் 4 கோடி. பாதிக்கு மேல் கூடியதாகத் தோன்றும் இந்த எண்ணிக்கையை நீள வாக்கில் பார்த்தால், 6,240 புள்ளிகள் 7,728 ஆகியிருக்கின்றன. கால் பங்குகூட முழுதாகக் கூடவில்லை. கல்யாண ஆல்பங்களில் இன்று பரவலாக உள்ள 12-க்கு 18 அங்குலப் பக்கத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற உயர்ந்த அச்சுத் தரத்தில் நிரப்ப 1.94 கோடிப் புள்ளிகள் போதும். ஐந்தாவது கேமரா அந்தத் தேவையைத் தாண்டியே நிற்கிறது. புதிதாகக் கூடிய புள்ளிகள் உண்மையில் பயன்படுவது, படத்தின் ஓரங்களை வெட்டித் தூரத்துப் பொருளைக் கிட்டத்தில் காட்டும்போதுதான். 50 மி.மீ. லென்ஸின் பார்வையளவுக்கு வெட்டினால் ஆறாவதில் சுமார் 2 கோடிப் புள்ளிகளும், ஐந்தாவதில் சுமார் 1.3 கோடிப் புள்ளிகளும் மிஞ்சும். ஜூம் இல்லாத கேமராவில் இது ஓரளவு ஜூமுக்கு ஈடாகிறது என்பதை ஒப்புக்கொள்ளலாம். அதே வேளையில் ஒவ்வொரு கோப்பும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பருத்துவிடுவதால், பழைய கணினியை வைத்திருப்பவர் கேமராவோடு சேர்த்துக் கணினியையும் மாற்ற நேரிடும்; இந்தச் செலவைக் கடைக்காரர் சொல்வதில்லை.

மூன்றாவது மாற்றம் குவியத்தில் நிகழ்ந்திருக்கிறது. விலங்கு, பறவை, வாகனம் முதலியவற்றை இன்னதென்று இனங்கண்டு அதன்மேலேயே குவியத்தை நிறுத்தும் திறன் ஆறாவது கேமராவுக்கு உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் திருப்பதி மாவட்டத்திலேயே உள்ள நேலப்பட்டுப் பறவைகள் காப்பகத்தில் கூடு கட்டும் கூழைக்கடாக்களை 35 மி.மீ. லென்ஸால் எடுத்தால், இனங்காணப்பட்ட பறவை படத்தில் கடுகளவே இருக்கும். மனித முகத்தையும் கண்ணையும் பின்தொடர்வதில் ஏற்பட்டுள்ள முன்னேற்றமே இந்தக் கேமராவைப் பொறுத்தவரை மதிப்புள்ளது. கங்கம்மா ஜாத்திரையில் நாளுக்கொன்றாக பைராகி, தோட்டி, துரை, மாதங்கி என்று வேடம் புனைந்து, முகத்தில் அப்பிய வண்ணத்தோடு கூட்டத்துக்குள் ஆடி வருவோரை எடுக்கும்போது அந்த மதிப்பு தெரியவரும்.

மாறாதவற்றின் பட்டியலையும் வாங்குவோர் கவனிக்க வேண்டும். லென்ஸ் அதே லென்ஸ். அதன் ஒளித்துளையின் உச்ச அளவு, ஒளி எவ்வளவு உள்ளே வரலாம் என்பதைக் குறிக்கும் எஃப் 2 என்ற அதே அளவு. பேட்டரி அதே வகை என்பதால் பழைய உபரி பேட்டரிகள் புதியதிலும் பொருந்தும். ஆனால் மின்னணுக் காட்சித் துளை வழியாகப் பார்த்து எடுத்தால் ஒரு மின்னேற்றத்தில் கிடைக்கும் படங்கள், நிறுவனத்தின் கணக்கிலேயே 350இலிருந்து 310ஆகக் குறைந்துள்ளன. எடை 478 கிராமிலிருந்து 521 கிராமாகக் கூடியுள்ளது. கத்திரி வெயிலில் புத்தூர்ப் பகுதியின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கமாயிருக்க, இரு கேமராக்களுக்கும் குறிக்கப்பட்ட இயங்கு வெப்பநிலையின் மேல்வரம்பு அந்த 40 டிகிரிதான். அருவித் துளியும் செம்மண் புழுதியும் உள்ளே புகாமலிருக்க, லென்ஸின் முன்னே தனியாக விற்கப்படும் இணைப்பு வளையத்தையும் காப்பு வடிகட்டியையும் பூட்டியாக வேண்டும். விலையுயர்ந்த கேமராவோடு அவற்றைச் சேர்த்துத் தராதது நிறுவனத்தின் கஞ்சத்தனம் என்றே சொல்ல வேண்டும்.

பின்வந்தது என்பதாலேயே முன்னதைவிட எல்லா வகையிலும் மேலாயிருக்கும் என்று நம்புவதற்கும் இடமில்லை. சோனி நிறுவனத்தின் ஆர்எக்ஸ்100 வரிசையில் 2016இல் வந்த ஐந்தாவது கேமராவில் எஃப் 1.8 துளையில் தொடங்கும் லென்ஸும் உள்ளமைந்த ஒளி குறைப்பு வடிகட்டியும் இருந்தன. 2018இல் வந்த ஆறாவது கேமராவில் ஜூம் 70 மி.மீ. அளவிலிருந்து 200 மி.மீ. வரை நீண்டதற்கு விலையாகத் துளை எஃப் 2.8ஆகச் சுருங்கி, உள்ளே வரும் ஒளி பாதிக்கும் கீழே குறைந்தது, வடிகட்டியும் காணாமற்போனது. தூரத்துக் காட்சியை விரும்பியவருக்கு அது வளர்ச்சி, இரவில் படம் எடுப்பவருக்கோ அது இழப்பு.

விலையைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் எக்ஸ்100வி 1,399 டாலருக்கும் எக்ஸ்100விஐ 1,599 டாலருக்கும் அறிமுகமாயின. இந்தியாவில் ஆறாவதன் அறிமுக விலை 1,59,999 ரூபாய். டிஜிட்டல் கேமராக்களுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 2019 ஜனவரியில் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்ட பிறகும், அந்த விலையில் 24,000 ரூபாய்க்கு மேல் வரியாகவே போகிறது. அதைத் தவிர்க்க எண்ணிச் சென்னைக்கு ரயிலேறிப் பில் இல்லாத இறக்குமதிக் கேமராவை வாங்குவோர், நிறுவனத்தின் இந்திய உத்தரவாதத்தைக் கைவிடுகிறார்கள் என்பதை உணர்ந்தே வாங்க வேண்டும். பழைய கேமராவை விற்று வரும் தொகையைக் கழித்து, மெமரி கார்டு, வளையம், வடிகட்டி ஆகியவற்றின் செலவைக் கூட்டிக் கிடைக்கும் தொகையே மாற்றத்தின் உண்மையான விலை.

அந்த விலை தகுமா என்பதைச் சொல்லக்கூடிய சான்று, ஒவ்வொருவரின் கணினியிலும் கிடக்கும் கழித்துப்போட்ட படங்கள். எடுக்கப்பட்டபோது இருந்த ஷட்டர் வேகமும் துளை அளவும் ஒவ்வொரு டிஜிட்டல் படத்தின் கோப்பிலும் தாமாகவே பதிவாகியிருக்கும். வீணான படங்களில் பெரும்பாலானவை, அசையாத பொருளை மங்கிய ஒளியில் எடுத்துக் கை நடுக்கத்தால் கலங்கியவை என்றால், ஆறாவது கேமரா அவற்றைக் காப்பாற்றியிருக்கும். ஓடியாடும் பொருள் கலங்கியிருந்தால் காப்பாற்றியிருக்காது. குவியம் முகத்தை விட்டுப் பின்னணிக்குப் போனதால் கெட்டிருந்தால் ஓரளவு காப்பாற்றியிருக்கும். நல்ல பகல் வெளிச்சத்தில் எடுத்து, பார்க்கச் சுவையில்லை என்பதற்காகக் கழித்தவையே மிகுதி என்றால், எந்தக் கேமராவும் உதவாது.

ஆகவே எக்ஸ்100எஃப் கேமராவையோ அதற்கு முந்தியவற்றையோ இன்னும் வைத்திருப்பவர் தயக்கமின்றி ஆறாவதற்கு மாறலாம். மேம்படுத்தப்பட்ட லென்ஸ், சாயும் திரை, நடுக்கத் தடுப்பு ஆகிய மூன்றும் அவருக்கு ஒருசேரக் கிடைக்கின்றன. எக்ஸ்100வி வைத்திருப்போரில், முக்காலியின்றி அந்தியிலும் அருவியிலும் படம் எடுப்பவரும், வெட்டிப் பெரிதாக்குவதையே வழக்கமாகக் கொண்டவரும் மட்டும் மாறினால் போதும். மற்றவர்கள் முதலில் அந்த வளையத்தையும் வடிகட்டியையும் வாங்கிப் பூட்டிவிட்டு, இருக்கும் கேமராவையே இன்னும் சில ஆண்டுகள் வைத்துக்கொள்ளலாம்.