கடைமடைக்குப் பெட்ரோல் வருகிறதா?

காவிரி டெல்டாவில் கார் ஓட்டுவதில் ஒரு சௌகரியம் உண்டு. மேடு என்பதே கிடையாது. மன்னார்குடியில் கிளம்பி வடுவூர் வழியாகத் தஞ்சாவூர் வரும்வரை இருபுறமும் வயல்தான். ஆற்றுப் பாலம் வரும் இடங்களில் மட்டும் வண்டி கொஞ்சம் தலையைத் தூக்கும். இந்தச் சமவெளியிலேயே ஓடிப் பழகிய காருக்குள் சில வியாதிகள் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். திருச்சிக்குப் போகும் வேலை வந்து, நாற்கரச் சாலையில் வேகமெடுத்து, வல்லத்துச் செம்மண் மேட்டில் ஏறும்போதுதான் குட்டு வெளிப்படும். வண்டி முக்கும், ஜெர்க் அடிக்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சரியாகிவிடும். மிதித்தால் மறுபடியும் இழுக்காது.

ஒர்க்‌ஷாப்பில் இதற்கு 'பிக்கப் இல்லை' என்று பெயர். முதலில் பிளக் மாறும். அடுத்து பிளக் ஒயர், காயில். பிறகு ஏதோ ஒரு சென்சார். ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம் வண்டி நன்றாக ஓடியதுபோல் தோன்றும். தஞ்சாவூருக்குள்ளேயே சுற்றினால் தோன்றாமல் என்ன செய்யும்?

கல்லணையில் ஷட்டரைத் தூக்கியாகிவிட்டது, புது ஆற்றில் தண்ணீரும் ஓடுகிறது, ஆனால் பேராவூரணிப் பக்கம் கடைமடை வாய்க்கால் காய்கிறது என்றால் எந்த விவசாயியும் வயலில் நின்றுகொண்டு நாற்றைக் குறை சொல்ல மாட்டார். கரையோடு நடந்து போய், எந்த மடைவரை தண்ணீர் வந்திருக்கிறது, எங்கே மண் தூர்ந்திருக்கிறது, எங்கே உடைப்பு என்று பார்ப்பார். காரில் தலைமடை என்பது டேங்க். கடைமடை என்பது எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர். நடுவில் பம்பு, ஃபில்டர், குழாய், அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர். பார்க்கவேண்டிய முறையும் அதேதான்.

இந்த ஏற்பாடு நம் ரோடுகளில் பரவிக் கால் நூற்றாண்டு ஆகிறது. 1998-ல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த ஹூண்டாய் சான்ட்ரோ கார்புரேட்டர் இல்லாமலேதான் பிறந்தது. 1999-ல் டெல்லி வட்டாரத்துக்கு உச்ச நீதிமன்றம் புகை விதிகளை இறுக்கியபின், மாருதியும் தன் 800-ஐயும் ஜென்னையும் இன்ஜெக்‌ஷனுக்கு மாற்றியது. 'எம்.பி.எஃப்.ஐ.' என்ற எழுத்து அந்நாளில் காரின் பின்பக்கம் ஒரு பட்டம்போல ஒட்டியிருக்கும். பதினைந்து வருடம் முடிந்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஐந்தைந்து வருடமாகப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு அந்தத் தலைமுறைக் கார்கள் இன்னும் ஓடுகின்றன.

கார்புரேட்டர் வண்டியின் பம்பு எஞ்சினோடு ஒட்டியிருந்து, டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சியது. கிணற்று மேட்டில் உட்கார்ந்து இழுக்கும் மோட்டார் மாதிரி. அழுத்தம் அரை பாரைக்கூடத் தொடாது. கார்புரேட்டருக்கு அது போதும். இன்ஜெக்‌ஷன் வண்டியிலோ பம்பு டேங்குக்குள்ளேயே மூழ்கி உட்கார்ந்து, சுமார் 3 பார் அழுத்தத்தில் முன்னே தள்ளுகிறது. போர்வெல்லில் இறக்கிய சப்மெர்சிபிளேதான். நோய்களும் அதற்கு வருபவையே: லோ வோல்டேஜ், வாயில் குப்பை, வறண்டு ஓடுவது. சுற்றியிருக்கும் தண்ணீர்தான் சப்மெர்சிபிளைக் குளிர்விக்கிறது என்று தெரிந்து, நீர்மட்டம் இறங்கியதும் ஓடிப்போய் ஸ்விட்சை அணைக்கிறவர்தான், காருக்கு இருநூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டு வருடம் முழுக்க ரிசர்விலேயே ஓட்டுகிறார். டேங்கில் இருக்கும் பம்பையும் பெட்ரோல்தான் குளிர்விக்கிறது.

சோதனை காதிலிருந்து தொடங்குகிறது. ரேடியோ, ஃபேன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்பினால், பின் சீட்டுப் பக்கம் இரண்டு மூன்று விநாடி 'ம்ம்' என்று ஒரு முனகல் கேட்கவேண்டும். கேட்கவில்லை என்றால் உடனே பம்பு போய்விட்டது என்று பொருளில்லை. ஃபியூஸ் பார்க்கவேண்டும், பிறகு ரிலே. பல வண்டிகளில் ஹாரன் ரிலேயும் பம்பு ரிலேயும் ஒரே வகை, இடம் மாற்றிப் போட்டால் இரண்டு நிமிடத்தில் விடை தெரிந்துவிடும். அடுத்து மீட்டர். பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்கும்போது, ஓடும் பம்பின் முனையில் 10.5 மட்டுமே வந்தால் நடுவில் எங்கோ கரண்டு தடைபடுகிறது. மழையிலும் சேற்றிலும் துருப்பிடித்த எர்த் நட்டுதான் பெரும்பாலும் குற்றவாளி. அறுவடைக்குப்பின் வயலைவிட்டு வீட்டுப் பக்கம் வரும் எலி கடித்த ஒயரும் இந்த ஊரில் அபூர்வமில்லை.

முனகல் கேட்டது என்பதாலும் நிம்மதி வேண்டாம். பம்பு சுற்றுவது வேறு, தள்ளுவது வேறு. 'ஸ்கேனர் போட்டுப் பார்த்தாச்சு, ஒன்றும் காட்டவில்லை' என்று சொல்லப்படுவதும் இங்கேதான். இந்தப் பழைய வண்டிகளில் பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் சென்சாரே கிடையாது. இல்லாததை ஸ்கேனர் எப்படிக் காட்டும்?

காட்டக்கூடியது ஒரு பிரஷர் கேஜ். குழாயைக் கழற்றுமுன் பம்பு ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, வண்டி தானாக அணையும்வரை ஓடவிடவேண்டும்; இல்லாவிட்டால் சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் பீறிடும். கேஜை மாட்டியபின் முள் எவ்வளவு நிற்கவேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். அழுத்தம் குறைவு என்றால் ஃபில்டர், பம்பின் வாயிலுள்ள வலை, பம்பு என்று தலைமடை நோக்கி நடக்கலாம். ரெகுலேட்டருக்குப் போகும் வேக்குவம் ஹோஸைப் பிடுங்கி முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடித்ததா? உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது. எஞ்சினை அணைத்ததுமே முள் சரசரவென்று விழுந்தால், காலையில் செல்ஃப் நெடுநேரம் அடிக்கவேண்டியிருப்பதன் காரணமும் அதுவே: இரவில் குழாயில் நிற்கவேண்டிய அழுத்தம் எங்கோ வடிந்துவிடுகிறது.

இப்போது பெட்ரோலும் பழைய பெட்ரோல் இல்லை. 20 சதவீதம்வரை எத்தனால் கலந்து வருகிறது. அது ஈரத்தை ஈர்க்கும். பழைய டேங்கில் படிந்த கசடைக் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பும். அதற்கென்று செய்யப்படாத ரப்பர் ஹோஸ்களை நாளடைவில் கெடுக்கும். சந்தேகமிருந்தால் டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அசையாமல் வைத்துப் பார்க்கலாம். தண்ணீர் அதிகம் சேர்ந்திருந்தால் கீழே தனி அடுக்காகப் பிரிந்து நிற்கும். கரும்பிலிருந்து மட்டுமல்ல, உடைந்த அரிசியிலிருந்தும் இந்திய உணவுக் கழகக் கிடங்குகளில் மிஞ்சும் அரிசியிலிருந்தும் எத்தனால் எடுக்கிறார்கள். நெற்களஞ்சியத்தில் காருக்கும் ஒரு பிடி.

கடைசியாக இன்ஜெக்டர். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை அதன்மேல் வைத்துப் பிடியைக் காதில் வைத்தால், டிக் டிக் என்று சீராகக் கேட்கவேண்டும். ஒன்றுமட்டும் மௌனமாக இருந்தால் மிஸ்ஸிங் அந்த சிலிண்டரில்தான்.

இத்தனையும் நின்ற இடத்தில் செய்யும் சோதனைகள். நிற்கும்போது எஞ்சின் கேட்பது துளிப் பெட்ரோல். பாதி அடைத்த ஃபில்டரும் அதைக் கொடுத்துவிடும், முள்ளும் நல்ல பிள்ளையாக நிற்கும். அதனால் விவரம் தெரிந்த மெக்கானிக் நீளமான ஹோஸ் போட்ட கேஜை பானெட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, முன்கண்ணாடியில் வைப்பருக்கு அடியில் செருகிக் கட்டிவிட்டு, வண்டிக்காரரையும் ஏற்றிக்கொண்டு வல்லத்துக்குக் கிளம்புவார். மேட்டில் மூன்றாவது கியரில் முழு மிதி. வண்டி முக்கும் அதே விநாடி முள் 3-லிருந்து 2-க்குக் கீழே சரிந்தால் ஃபில்டரை மாற்றிவிட்டு இன்னொரு தடவை வரவேண்டும், அப்போதும் சரிந்தால் பம்பு. முள் அசையாமல் நிற்க, வண்டி மட்டும் முக்கினால் பெட்ரோலைக் குறை சொல்வதற்கில்லை; திரும்பி வந்து காயிலையும் சென்சாரையும் அப்போது பார்க்கலாம்.