கிணற்றுத் தண்ணீர் ஏன் பற்றரிக்கு ஆகாது?

யாழ்ப்பாணத்துக் கேத்திலின் அடியைச் சுரண்டினால் வெள்ளையாய் உதிரும். சுண்ணாம்புக்கல்லைக் கரைத்து வந்த கிணற்றுநீரின் வேலை அது. களஞ்சியத்து ஃபோர்க்லிஃப்டின் ஈய அமிலப் பற்றரிக்கு அதை ஊற்றலாமா? கூடாது. சார்ஜ் முடியும் தறுவாயில் மின்சாரம் நீரை ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிக்கும். உள்ளே குமிழி பொரிவது காதுக்கே கேட்கும். குறைவது நீர்தான். உப்புகள் தங்கிச் சேரும். குளோரைட்டு தகட்டை அரிக்கும். ஆகவே காய்ச்சி வடித்த நீர்தான். தகடு திரவத்தில் மூழ்கியிருந்தால் அதையும் சார்ஜுக்குப் பிறகே ஊற்றுங்கள்: சார்ஜாகும்போது திரவம் விரியும், முன்பே நிரப்பினால் அமிலம் வழியும்.

சார்ஜில் அப்படிப் பிரியும் ஐதரசன் காற்றில் 4 வீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும், வெடிக்க. மாரி மழைக்குக் கதவைச் சாத்திவிட்டுச் சார்ஜ் போடுபவர்களைக் கண்டால் எனக்குப் பயம்தான். கதவைத் திறந்து வையுங்கள். வயரைக் கழற்றுமுன் சார்ஜரை நிறுத்துங்கள்.